பல வருடம் கழித்துப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவர்களுக்கு

புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கிய வயதில் கற்றுக்கொண்ட பாவசங்கீர்த்தன முறை, அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் முறை, கல்லூரி, வேலை, வெளியூர் என்று போனபின் பலருக்கு மறந்துவிடுகிறது. ஐந்து வருடம், பத்து வருடம், சிலருக்கு இருபது வருடம்கூட ஆகிவிடும். கோவிலுக்கு வருவார்கள், பூசை காண்பார்கள், நற்கருணை வாங்கும் நேரத்தில் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். திரும்பப் போக மனம் வந்தாலும் எப்படித் தொடங்குவது, என்ன கேட்பார்கள், திட்டுவார்களா என்று தெரியாமல் தள்ளிப்போடுவார்கள். நானும் வெகுகாலம் தள்ளிப்போட்டு, எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் அங்கும் இங்கும் கேட்டுத்தான் போய்ச் சேர்ந்தேன். அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம் என்பதால் இதை எழுதுகிறேன். கத்தோலிக்கராக ஞானஸ்நானம் பெற்று, இடையில் விட்டுப்போனவர்களுக்கானது இது.

1. உங்களைத் தடுப்பது எது என்று முதலில் பாருங்கள்

பாவம் செய்வதற்கு முன்பு வரும் சோதனையை எல்லோருக்கும் தெரியும். "இது சின்ன விஷயம், ஒரு தடவைதானே" என்று சொல்லும். பாவம் செய்தபின் வரும் சோதனையைப் பற்றித்தான் நம் ஞாயிறு வகுப்புகளில் அதிகம் பேசுவதில்லை. "இவ்வளவு தூரம் போனபின் உனக்கு மன்னிப்பா? எந்த முகத்தோடு போவாய்?" என்று அது கேட்கும். முதலாவதை விட இரண்டாவதுதான் ஆட்களை வருடக்கணக்கில் கோவில் வாசலுக்கு வெளியே நிறுத்துகிறது. இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

யூதாசும் பேதுருவும் ஒரே இரவில் தவறினார்கள். ஒருவர் காட்டிக்கொடுத்தார், மற்றவர் மூன்று முறை மறுதலித்தார். இருவரும் வருந்தினார்கள் என்றே நற்செய்தி சொல்கிறது. யூதாஸ் வெள்ளிக்காசைத் திருப்பி எறிந்துவிட்டு, தனக்கு இனி வழியில்லை என்று முடிவுகட்டினார். பேதுரு அழுதார், ஆனாலும் மற்ற சீடர்களை விட்டுப் போகவில்லை. பிறகு கடற்கரையில் "என்மீது அன்பு உண்டா?" என்று மூன்று முறை கேட்கப்பட்டபோது பதில் சொல்ல அங்கே இருந்தார். யோவான் நற்செய்தி 21ஆம் அதிகாரத்தைப் போவதற்கு முந்தைய இரவு வாசியுங்கள். நான் சொல்வதை விட அது நன்றாகச் சொல்லும்.

கடவுளின் இரக்கம் தனக்கு இல்லை என்று விட்டுவிடுவதைத் திருச்சபை எதிர்நோக்குக்கு (கடவுள்மீது வைக்கும் நம்பிக்கைக்கு) எதிரான பாவம் என்று எண்ணுகிறது. "எப்படியும் மன்னிப்பார், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற துணிச்சலும் அதே வரிசையில்தான் வருகிறது. தள்ளிப்போடுகிறவர்களிடம் இந்த இரண்டும் மாறிமாறி வருவதைப் பார்க்கலாம். ஆகவே மனம் சரியாகட்டும், பிறகு போகலாம் என்று காத்திருக்காதீர்கள். தேதி குறியுங்கள்.

2. ஆவணம், செலவு: இரண்டும் வேண்டாம்

பாவசங்கீர்த்தனத்துக்கு ஞானஸ்நானச் சான்றிதழ், குடும்ப அட்டை, சந்தா ரசீது எதுவும் தேவையில்லை. பெயர்கூடச் சொல்ல வேண்டாம். அந்தப் பங்கை (அந்தக் கோவிலுக்கு உட்பட்ட சமூகத்தை) சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கத்தோலிக்கக் குரு அதிகாரத்தோடு பாவசங்கீர்த்தனம் கேட்கிற எந்த ஊரிலும், எந்தக் கோவிலிலும் செய்யலாம்.

கட்டணம் கிடையாது. காணிக்கைகூடக் கிடையாது. பூசைக் கருத்துக்கு (ஒருவருக்காகப் பூசை வைக்கக் கேட்பதற்கு) கொடுக்கும் பணம் வேறு, அது பூசைக்கானது. பாவமன்னிப்புக்காகவோ குடும்பச் சாபம் நீக்குவதற்காகவோ யாராவது தொகை கேட்டால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். மனம் நொந்து அலைகிறவர்களைக் குறிவைத்து இப்படிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், கவனம்.

செலவு வரக்கூடிய இடம் ஒன்று உண்டு. அடுத்தவர் பணத்தை எடுத்திருந்தால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதை 8ஆம் படியில் சொல்கிறேன்.

3. நேரத்தையும் இடத்தையும் தேர்ந்தெடுப்பது

பெரும்பாலான பங்குகளில் சனிக்கிழமை மாலையும் ஞாயிறு பூசைக்கு முன்பும் பாவசங்கீர்த்தனம் கேட்பார்கள். முதல் வெள்ளியன்றும் பல கோவில்களில் உண்டு. அறிவிப்புப் பலகையில் சில இடங்களில் ஒப்புரவு அருளடையாளம் என்று எழுதியிருக்கும், அதுவும் இதுதான்.

பல வருடம் கழித்துப் போகிறவர் செய்யும் பெரிய தவறு, பெரிய வாரத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தில்) போய் வரிசையில் நிற்பது. குருத்து ஞாயிறு முடிந்து பெரிய வியாழன் வரை கூட்டம் அலைமோதும். உங்களுக்குப் பின்னால் நாற்பது பேர் நிற்கும்போது நீங்களும் அவசரப்படுவீர்கள், உள்ளே இருக்கும் சாமியும் (குருவும்) அவசரப்படுவார். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை இருக்கும் நெரிசலும் இதே மாதிரிதான். திருத்தலத்துக்குத்தான் போக வேண்டும் என்றால் திருவிழா இல்லாத மாதத்தில், வாரநாளில் போங்கள்.

நான் சொல்லும் வழி இது: பங்கு அலுவலகத்துக்கோ அருகிலுள்ள தியான மையத்துக்கோ, துறவற சபைக் குருமார் இல்லத்துக்கோ போன் செய்து, "ரொம்ப வருடம் கழித்துப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், கொஞ்சம் நேரம் வேண்டும், எப்போது வரலாம்?" என்று கேளுங்கள். இவ்வளவு போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. முதல் இடத்தில் வேண்டாவெறுப்பாகப் பதில் வந்தால் அடுத்த இடத்துக்குப் போன் செய்யுங்கள். எனக்கும் ஒரு இடத்தில் அப்படிப் பதில் வந்தது. அதை வைத்துத் திருச்சபையையே எடைபோட வேண்டாம்.

தவக்காலத்தின் நான்காம் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளி, சனியில் "ஆண்டவருக்காக 24 மணி நேரம்" என்று ஒரு ஏற்பாடு 2014 முதல் நடக்கிறது. அதைக் கடைப்பிடிக்கும் கோவில்களில் நீண்ட நேரம் பாவசங்கீர்த்தனம் இருக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு.

சொந்தப் பங்குச்சாமி உங்களைத் தெரிந்தவர் என்பதால் தயக்கமாக இருந்தால் வேறு ஊருக்குப் போங்கள், தவறே இல்லை. முகம் தெரியாமல் தட்டிக்குப் பின்னால் நின்று சொல்லும் உரிமையைத் திருச்சபைச் சட்டமே உங்களுக்குத் தருகிறது. எதிரே உட்கார்ந்து பேசச் சொன்னால், "தொட்டியில் செய்கிறேன் சாமி" என்று கேட்கலாம். தொட்டி என்பது தட்டி வைத்த பாவசங்கீர்த்தனக் கூண்டு.

போனிலோ வாட்ஸ்அப்பிலோ பாவசங்கீர்த்தனம் செல்லாது. நேரில்தான் போக வேண்டும். வெளிநாட்டில் இருந்து மொழி தெரியாவிட்டால் தமிழ்ப் பூசை நடக்கும் கோவிலைத் தேடுங்கள். துபாயில் புனித மரியன்னை ஆலயம், சிங்கப்பூரில் லூர்து அன்னை ஆலயம் போன்ற இடங்களில் தமிழ்ப் பூசை உண்டு. எங்கும் கிடைக்காவிட்டால் மொழிபெயர்க்க ஒருவரை வைத்துக்கொள்ளவும் அனுமதி இருக்கிறது, அந்த மொழிபெயர்ப்பாளரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்.

4. ஆத்தும சோதனை: அவசரப்படாமல் செய்ய வேண்டியது

பழைய ஞானோபதேசத்தில் நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்கள் வேண்டும் என்று படித்திருப்பீர்கள். பாவங்களை நினைவுக்குக் கொண்டுவருவது (இதுதான் ஆத்தும சோதனை), மனஸ்தாபப்படுவது (செய்ததற்கு மனம் வருந்துவது), இனிச் செய்வதில்லை என்று பிரதிக்கினை செய்வது, குருவிடம் சொல்வது, கொடுத்த அபராதத்தை (பணம் அல்ல, பரிகாரமாகச் சொல்லும் செபம் போன்றதை) செய்வது. முதல் காரியத்துக்குத்தான் அதிக நேரம் வேண்டும். ஒரு மாலை முழுவதும் ஒதுக்குங்கள். போனை அணைத்து வையுங்கள்.

முதலில் சோதனையையும் பாவத்தையும் பிரித்துக்கொள்ளுங்கள். கெட்ட எண்ணம் வந்தது பாவமல்ல. இயேசுவே பாலைவனத்தில் 40 நாள் சோதிக்கப்பட்டார். யாக்கோபு திருமுகம் முதல் அதிகாரம் வரிசையைத் தெளிவாகச் சொல்கிறது: ஆசை இழுக்கிறது, அதற்கு இடம் கொடுக்கும்போது பாவம் பிறக்கிறது. எண்ணம் வந்ததும் விலக்கியிருந்தால் அதைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். வேண்டுமென்றே உட்கார வைத்து வளர்த்திருந்தால் சேருங்கள். இந்த வேறுபாடு தெரியாமல் நல்ல பிள்ளைகள் பலர் வருடக்கணக்கில் தங்களையே வெறுத்துக்கொண்டு வாழ்கிறார்கள். அதைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

அடுத்து, எது சாவான பாவம், எது அற்பப் பாவம் என்று பார்க்க வேண்டும். சாவான பாவமாக மூன்று சேர வேண்டும். காரியம் கனமானதாக இருக்க வேண்டும், அது கனமானது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தே முழுச் சம்மதத்தோடு செய்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவம் அல்ல. பயம், போதைப் பழக்கம், பிறர் வற்புறுத்தல் போன்றவை சம்மதத்தைக் குறைக்கும். அதை நீங்களே தீர்ப்பிட வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள், சாமி உதவுவார்.

சாவான பாவங்களை வகையும் எண்ணிக்கையும் சேர்த்துச் சொல்வது கட்டாயம். எண்ணிக்கை என்றதும் பயந்துவிடாதீர்கள். இருபது வருடக் கணக்கை யாராலும் எண்ண முடியாது. "கல்யாணத்துக்கு முன்பு ஐந்தாறு வருடம், மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை" என்ற அளவில் சொன்னால் போதும். அற்பப் பாவங்களைச் சொல்வது நல்லது, ஆனால் கட்டாயமில்லை.

பத்துக் கட்டளைகளை வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். அச்சிட்ட கேள்வித்தாள்கள் கிடைக்கும், ஆனால் அவற்றில் பல பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதியவை. பெரியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. பாகப் பிரிவினையில் தங்கைக்குச் சேர வேண்டியதை மறைத்தேனா? வேலைக்கு வைத்தவருக்குக் கூலியைக் குறைத்தேனா, இழுத்தடித்தேனா? லஞ்சம் வாங்கினேனா, கொடுத்து அடுத்தவர் வாய்ப்பைப் பறித்தேனா? வரதட்சணை கேட்டு மருமகள் வீட்டாரை அழவைத்தேனா? குடித்துவிட்டு மனைவியை அடித்தேனா? ஆன்லைன் சூதாட்டத்தில் குடும்பப் பணத்தை அழித்தேனா? போனில் ஆபாசம் பார்ப்பது பழக்கமாகிவிட்டதா? குறி கேட்கவும் செய்வினை எடுக்கவும் போனேனா? அண்ணனோடு பேச்சை நிறுத்தி எத்தனை வருடம் ஆயிற்று?

சாதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைப் பாவம் என்றே நினைக்காமல் வாழ்கிற நிலை நம்மிடம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டு நவம்பரில் தமிழக ஆயர்களிடம் பேசிய போப் இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களுக்குள் சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட இருக்கக்கூடாது என்று கண்டித்தார். கல்லறையில், தேர்த் திருவிழாவில், பிள்ளைகளின் கல்யாணப் பேச்சில் நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன பேசினீர்கள் என்று பாருங்கள். வரி கட்டவில்லை, பூசை தவறவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு இதை விட்டுவிட்டால் ஆத்தும சோதனை முழுமையாகாது.

சின்னச் சீட்டில் குறித்துக்கொள்ளலாம். பெயர்கள் எழுத வேண்டாம். செய்துமுடித்ததும் கிழித்துவிடுங்கள். போனில் டைப் செய்து வைத்தால் அழிக்க மறந்துவிடுவீர்கள், சீட்டே நல்லது.

5. திருமணச் சிக்கல் இருந்தால் இதை முதலில் படியுங்கள்

மேலே ஆவணம் வேண்டாம் என்று சொன்னது பாவசங்கீர்த்தனத்துக்கு. ஆனால் பதிவு அலுவலகத்தில் மட்டும் அல்லது வேறு சமய முறைப்படி மட்டும் கல்யாணம் செய்திருக்கிற கத்தோலிக்கரின் திருமணம், ஆயரின் சிறப்பு அனுமதி பெறாதிருந்தால், திருச்சபை முன் செல்லாது. பலர் இதைத் தெரியாமல் வரிசையில் நின்று, பாவமன்னிப்பு இப்போது தர இயலாது என்று கேட்டு உடைந்துபோகிறார்கள். அதற்கு முன்பே தனியாக நேரம் வாங்கிப் பங்குத்தந்தையைப் பாருங்கள். பெரும்பாலான சிக்கல்களைச் சரிசெய்ய வழி இருக்கிறது.

வழக்கமாகத் தேவைப்படுபவை: இருவரில் கத்தோலிக்கராக இருப்பவரின் ஞானஸ்நானச் சான்றிதழ், உறுதிபூசுதல் விவரம், பதிவுத் திருமணச் சான்றிதழ், இரண்டு சாட்சிகள், முன்பு திருச்சபையில் திருமணம் ஆகவில்லை என்பதற்கான கடிதம். ஞானஸ்நானச் சான்றிதழ் வீட்டில் பழையது இருந்தாலும் செல்லாது. ஆறு மாதத்துக்குள் எடுத்த புதுப் பிரதி கேட்பார்கள், ஏனென்றால் திருமண விவரம் ஞானஸ்நானப் பதிவேட்டில்தான் குறிக்கப்படும். கட்டணம் பங்குக்குப் பங்கு மாறும், பெரும்பாலும் சிறு தொகைதான். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

ஞானஸ்நானம் பெற்ற ஊரில் பதிவேடு கிடைக்கவில்லை என்றால் உடனே கைவிட வேண்டாம். உங்கள் ஊர் அப்போது கிளைக் கிராமமாக இருந்திருக்கலாம், பழைய ஏடு தாய்ப் பங்கில் இருக்கும். பெற்றோர் பெயர், ஞானத்தாய் தந்தை பெயர், ஏறத்தாழ எந்த வருடம் என்ற மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். ஏடே இல்லாமல் போயிருந்தால், ஞானஸ்நானத்தை நேரில் கண்ட நம்பகமான ஒருவரின் சாட்சியத்தைத் திருச்சபைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது.

ஓலை வாசிப்பது (கோவிலில் திருமண அறிவிப்பு) மூன்று ஞாயிறு. மற்றவர் கிறிஸ்தவர் அல்லாதவர் என்றால் ஆயர் இல்லத்திலிருந்து விலக்கு வர வேண்டும், அதற்குச் சில வாரங்கள் ஆகும். ஊரறிய ஓலை வாசித்தால் சங்கடம் என்றால் அதையும் சொல்லுங்கள், தகுந்த காரணம் இருந்தால் விலக்குக் கிடைக்கும். துணைவர் கோவிலுக்கு வர மறுத்தாலும் ஆயர் மூலமாகத் திருமணத்தைச் செல்லுபடியாக்கும் முறை ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிக் கேளுங்கள். தவக்காலத்தில் பொதுவாகத் திருமணம் வைக்கமாட்டார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இன்னொரு தவறான எண்ணம், விவாகரத்து ஆனாலே நற்கருணை இல்லை என்பது. நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கி, மறுமணம் செய்யாமல் வாழ்கிறவருக்கு அந்த ஒரு காரணத்தால் தடை இல்லை. மறுமணம் செய்திருந்தால் முதல் திருமணம் செல்லுமா என்று மறைமாவட்டத் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்கலாம். 2015இல் போப் பிரான்சிஸ் இந்த நடைமுறையை எளிதாக்கினார், முடிந்தவரை இலவசமாக நடத்தவும் சொன்னார். முன்பு கேட்டுவிட்டு ஓய்ந்துபோனவர்கள் மறுபடி விசாரியுங்கள்.

6. உள்ளே போய்ச் சொல்வது

முழங்கால் போட்டு அல்லது உட்கார்ந்து, சிலுவை அடையாளம் வரைந்து தொடங்குங்கள். "என்னை ஆசீர்வதியுங்கள் சாமி, நான் பாவம் செய்தேன். கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து ஏறத்தாழ பன்னிரண்டு வருடம் ஆகிறது" என்று உங்கள் கணக்கைச் சொல்லுங்கள். ஃபாதர் என்று அழைத்தாலும் சரி. உடனே, "முறை மறந்துவிட்டது, கொஞ்சம் கேட்டுக் கேட்டு நடத்துங்கள்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வாக்கியம் பாதிச் சுமையை இறக்கிவிடும்.

சொல்வதற்கு மிகக் கஷ்டமாக இருப்பதை முதலில் சொல்லுங்கள். கடைசிக்கு வைத்தால் அது வராமலே போய்விடும். சோதனை இரகசியத்தில்தான் பலம் பெறுகிறது, வெளியே சொன்னதும் பலம் இழக்கிறது என்று இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் எச்சரித்திருக்கிறார். நான் கண்ட உண்மையும் அதுதான்.

சுருக்கமாகச் சொல்லுங்கள். கணவரின் பாவம், மாமியாரின் பாவம் எல்லாம் உங்கள் கணக்கில் வராது. பிறர் பெயர் வேண்டாம். அந்தரங்கமான விஷயத்தில் என்ன பாவம் என்று தெரியும் அளவுக்குச் சொன்னால் போதும், வர்ணனை தேவையில்லை. சாமி ஏதாவது கேட்டால், தெளிவுக்காகத்தான் கேட்பார். தேவையில்லாமல் துருவுகிறார் என்று தோன்றினால், "அதைச் சொல்ல விரும்பவில்லை சாமி" என்று மரியாதையாகச் சொல்லி எழுந்து வர உங்களுக்கு உரிமை உண்டு.

தெரிந்தே ஒரு சாவான பாவத்தை மறைத்தால் அந்தப் பாவசங்கீர்த்தனமே செல்லாது. மறந்துபோனது வேறு. உண்மையாகவே மறந்த பாவமும் மற்றவற்றோடு மன்னிக்கப்படுகிறது, பிறகு நினைவுக்கு வந்தால் அடுத்த முறை சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கருக்கலைப்புக்கு ஆயரிடம்தான் போக வேண்டும் என்று கேள்விப்பட்டு வராமலே இருக்கிற பெண்கள் இருக்கிறார்கள். 2016 நவம்பரில் போப் பிரான்சிஸ் எல்லாக் குருக்களுக்கும் அதை மன்னிக்கும் அதிகாரத்தை நிரந்தரமாகக் கொடுத்துவிட்டார். எந்தச் சாமியிடமும் போகலாம் அக்கா. அதற்கு உதவிய ஆண்களும் போக வேண்டும்.

இரகசியம் பற்றிய பயம் வேண்டாம். கேட்டதைக் குரு யாரிடமும் சொல்லக்கூடாது, போலீசிடமும் நீதிமன்றத்திலும்கூட. நேரடியாக வெளியிட்டால் அவர் தானாகவே திருச்சபைக்குப் புறம்பாகிறார். அந்த விஷயத்தை வைத்து வெளியே உங்களை நடத்தும் விதத்தை மாற்றவும் அவருக்கு அனுமதியில்லை.

7. மனஸ்தாபமும் பாவமன்னிப்பும்

பாவங்களைச் சொன்னபின் "இவற்றுக்காகவும் நான் மறந்துபோன பாவங்களுக்காகவும் மனம் வருந்துகிறேன்" என்று முடியுங்கள். சாமி சில வார்த்தை பேசுவார், அபராதம் கொடுப்பார், மனஸ்தாப மந்திரம் சொல்லச் சொல்வார். பழைய உத்தம மனஸ்தாப மந்திரம் மறந்திருந்தால் பார்த்துப் படிக்கலாம், சொந்த வார்த்தையிலும் சொல்லலாம். அழுகை வந்தால்தான் மனஸ்தாபம் என்று இல்லை. செய்ததை வெறுத்து, இனி விலகுவேன் என்று தீர்மானிப்பதுதான் மனஸ்தாபம். நரகத்துக்குப் பயந்து வருந்தினாலும் பாவசங்கீர்த்தனத்துக்கு அது போதுமானது.

"மறுபடி விழுந்துவிடுவேனே, பிரதிக்கினை பொய்யாகாதா?" என்று பலர் கேட்கிறார்கள். விழக்கூடும் என்று பயப்படுவது வேறு, விழத் திட்டமிடுவது வேறு. இன்றைக்கு விட மனம் இருக்கிறதா? இருந்தால் பிரதிக்கினை உண்மையானதுதான்.

பிறகு சாமி கையை நீட்டி மன்னிப்பின் வார்த்தைகளைச் சொல்வார். "ஆமென்" சொல்லுங்கள். அந்த நிமிடத்தில் மன்னிப்பு நடந்துவிடுகிறது. மனதுக்கு லேசாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடந்தது நடந்ததுதான். எனக்கு அன்று எதுவும் தோன்றவில்லை. சில நாள் கழித்து நற்கருணை வாங்க எழுந்து நடந்தபோதுதான் புரிந்தது.

8. அபராதமும் ஈடுசெய்வதும்

அபராதம் என்பது பெரும்பாலும் சில பரலோக மந்திரம், அருள் நிறைந்த மந்திரம், ஒரு செபமாலை, சிலுவைப்பாதை என்ற அளவில்தான் இருக்கும். கோவிலை விட்டுக் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மறந்துபோகும். செய்ய முடியாத அபராதமாகத் தோன்றினால் அங்கேயே சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஈடுசெய்வது இதோடு முடிகிற விஷயம் அல்ல. எடுத்த பணத்தை உரியவருக்குச் சேர்க்க வேண்டும். உங்கள் பெயரைக் காட்டிக்கொள்ளத் தேவையில்லை, அஞ்சலில் அனுப்பலாம், நம்பகமானவர் மூலம் கொடுக்கலாம். ஆளே இல்லை என்றால் வாரிசுக்கு, வாரிசும் இல்லை என்றால் ஏழைகளுக்கு. மொத்தமாக முடியாவிட்டால் தவணையாகக் கொடுங்கள். ஒருவரைப் பற்றிப் பொய் பரப்பியிருந்தால், யாரிடம் சொன்னீர்களோ அவர்களிடமே அது பொய் என்று சொல்ல வேண்டும். பணத்தைத் திருப்புவதை விட இது கடினம். ஆனாலும் செய்ய வேண்டியதுதான்.

9. அதே வாரத்தில் சோதனை திரும்ப வந்தால்

நிச்சயம் வரும். அதற்காகப் பாவசங்கீர்த்தனம் பலிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். உங்கள் சக்திக்கு மேல் சோதிக்கப்பட விடமாட்டார், தப்பிக்கும் வழியும் காட்டுவார் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். தப்பிக்கும் வழி பெரும்பாலும் மிகச் சாதாரணமானது: போனைக் கூடத்தில் வைத்துவிட்டுத் தூங்குவது, அந்த நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேறுவது, கடைத்தெரு வழியாக இல்லாமல் வேறு வழியில் வீடு திரும்புவது, சூதாட்டச் செயலியை அழித்து வங்கிக் கணக்கை மனைவி பார்க்கும்படி வைப்பது. குடிக்கு மருத்துவரும் வேண்டும், ஏ.ஏ. (குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் உதவும் குழு) கூட்டமும் வேண்டும். செபம் மட்டும் போதும் என்று சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்டு மருந்தை நிறுத்தாதீர்கள்.

விழுந்துவிட்டால் அடுத்த சனிக்கிழமையே போங்கள். வருடத்துக்கு ஒரு முறை என்பது திருச்சபை வைத்த குறைந்தபட்சக் கடமை. மாதம் ஒரு முறை என்று வைத்துக்கொண்டால் பழக்கம் நிலைக்கும். முடிந்தவரை ஒரே சாமியிடம் போங்கள், உங்கள் சண்டை எது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

இதற்கு நேரெதிரான கண்ணியும் உண்டு. சொன்ன பாவத்தையே திரும்பத் திரும்பச் சொல்வது, சரியாகச் சொன்னேனா என்று இரவெல்லாம் யோசிப்பது, எதைத் தொட்டாலும் பாவமோ என்று நடுங்குவது. அப்படி இருந்தால் ஒரே ஒரு சாமியைத் தேர்ந்து, அவர் சொல்வதற்குக் கீழ்ப்படியுங்கள். பழையதைத் திரும்பச் சொல்லாதே என்றால் சொல்லாதீர்கள். அதுவும் அடங்காவிட்டால் மனநல மருத்துவரையும் பாருங்கள்.

நற்கருணை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் தண்ணீரும் மருந்தும் தவிர வேறு எதுவும் சாப்பிடக்கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். பூசை தொடக்கத்தில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கை சாவான பாவத்துக்குப் பாவசங்கீர்த்தனத்தின் இடத்தைப் பிடிக்காது.

10. வீட்டில் படுத்திருப்பவர்களுக்கு

உங்கள் வேலை முடிந்தபின் வீட்டிலிருக்கும் அப்பா, அம்மா, பெரியப்பா யாராவது பல வருடமாகப் போகாமல் இருக்கிறார்களா என்று கேளுங்கள். பல பங்குகளில் முதல் வெள்ளியன்று சாமி நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு வருவார். இரண்டு மூன்று நாள் முன்பே பங்கு அலுவலகத்திலோ அன்பிய (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்களின் குழு) பொறுப்பாளரிடமோ பெயரும் வீட்டு எண்ணும் கொடுத்துவிடுங்கள். பாவசங்கீர்த்தனமும் செய்ய விரும்புகிறார் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சாமி நற்கருணை மட்டும் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அவர் வந்ததும் டிவியை அணைத்து, எல்லோரும் அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்துங்கள்.

நினைவு தப்பும் வரை காத்திருக்காதீர்கள். "சாமியாரைக் கூப்பிட்டால் சாகப்போகிறோம் என்று பயந்துவிடுவார்" என்று சொல்லிச் சொல்லியே கடைசி நேரம் தாண்டிப்போகிறது. நோயில்பூசுதல் (குரு எண்ணெய் பூசிச் செபிக்கும் அருளடையாளம்) சாகிறவர்களுக்கு மட்டும் அல்ல, கடும் நோயாளிக்கும் பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன்பும் உண்டு. ஆஸ்பத்திரியில் இருந்தால் அங்கே போய்வரும் சாமி யார் என்று நர்சிடம் கேளுங்கள், இல்லை என்றால் பக்கத்துப் பங்குக்குப் போன் செய்து வார்டு எண்ணையும் பார்வையாளர் நேரத்தையும் சொல்லுங்கள். பேச முடியாதவர் தலையசைத்தோ கையை அழுத்தியோ பதில் சொன்னாலும் போதும்.